யூரோப்பியம் என்ற அருமண் தனிமம் கலந்த கண்ணாடியை உருக்கி, அதன் ஒளியைப் படிப்பது எப்படி?

போரிக் அமிலம், லித்தியம் கார்பனேட், 1 மோல் சதவீத யூரோப்பியம் ஆக்சைடு ஆகியவற்றை எடைபோட்டு, அகேட் உரலில் நன்றாக அரைத்துக்கொள்ள வேண்டும். 100 கிராம் போரிக் அமிலம் உருகும்போது நீரை இழந்து ஏறத்தாழ 56 கிராம் போரான் ஆக்சைடாகவே மிஞ்சும் என்பதை எடைபோடும்போதே கணக்கில் கொள்ளாவிட்டால், இறுதிச் சேர்மானம் தவறிவிடும். முதலில் மெதுவாகச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டால் கலவை நுரைத்து மூசையின் (உருக்கும் கலத்தின்) விளிம்பைத் தாண்டி வழியும். பின்னர் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் உருக்கி, முன்பே சூடேற்றிய பித்தளைத் தகட்டில் ஊற்றி, உள்தகைவு நீங்க மெல்ல ஆறவிடும் பதப்படுத்தும் உலைக்கு உடனே மாற்ற வேண்டும். அலுமினா மூசை மலிவானது என்றாலும், அதிலிருந்து சிறிது அலுமினா உருகலில் கரைந்துவிடுவதால், பிளாட்டினமே மேல்.

மெருகேற்றிய துண்டை 394 நானோமீட்டர் ஒளியால் தூண்டினால் அது செம்மஞ்சளாக ஒளிரும். நிறமாலையில் 592 நானோமீட்டர் அருகே தோன்றும் பட்டை காந்த இருமுனைத் தாவலால், அதாவது ஒளியின் காந்தப்புலத்தோடு இணையும் எலக்ட்ரான் தாவலால் வருவது. சுற்றுப்புறம் மாறினாலும் அதன் வலிமை பெரிதாக மாறாது. 612 நானோமீட்டர் அருகிலுள்ள பட்டையோ ஒளியின் மின்புலத்தோடு இணையும் மின் இருமுனைத் தாவலால் வருவதால், யூரோப்பிய அயனியைச் சூழ்ந்த ஆக்சிஜன்களின் சமச்சீர் குலையக் குலைய வலுக்கிறது. எனவே உணரியின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய நிறமாலையில், உச்சிகளின் உயரத்தை அல்லாமல் பட்டைகளின் பரப்பளவை எடுத்து, 612 பட்டையின் பரப்பளவை 592 பட்டையின் பரப்பளவால் வகுக்க வேண்டும். விகிதம் 1-ஐ விட நன்கு மிகுந்திருந்தால், அயனி சமச்சீர் மையமற்ற (எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்திராத) இடத்தில் அமர்ந்திருக்கிறது எனக் கொள்ளலாம்.