சூடு ஏறினா எவ்ளோ கரையும்? உப்பை விடுங்க, படிகாரம் எடுங்க

சூடு ஏறினா உப்பு ஜாஸ்தி கரையும்னு படிச்சுட்டு பசங்க ப்ராஜெக்ட்டுக்கு நேரா சமையல் உப்பைத்தான் எடுக்குறாங்க, அதுல ஒண்ணுமே தெரியாது. 100 கிராம் தண்ணில 20 டிகிரிக்கு 36 கிராம் கரையும், கொதிக்க வெச்சா கூட 39 தான். தூத்துக்குடி உப்பளத்துல வெயில்ல தண்ணிய வத்த விட்டு உப்பு எடுக்குறாங்களே, வெறும்னே ஆற வெச்சு எடுக்க முடியாததுக்கு இதான் காரணம்.

நாட்டு மருந்து கடைல படிகாரம் வாங்குங்க. 100 மில்லி தண்ணில 20 டிகிரிக்கு 12-14 கிராம்தான் கரையும், 50 டிகிரில 37 கிராம் பக்கம் போயிடும். கடை சரக்கு அவ்ளோ சுத்தமா இருக்காது, அதனால நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன வரும், பரவால்ல.

நிறைய பேர் சூடான தண்ணில கொஞ்சம் கொஞ்சமா போட்டு எப்ப கரையாம நிக்குதுன்னு பாக்குறாங்க, அதுக்குள்ள தண்ணி ஆறிடும், எந்த டிகிரிக்கு எழுதுறதுன்னே தெரியாது. அத அப்படியே திருப்பிப் போடுங்க, அளவ மாத்தாம வெச்சுட்டு டிகிரிய தேடணும். மூணு பீக்கர்ல 50 மில்லி தண்ணி ஊத்தி, பொடிச்ச படிகாரம் 15, 20, 25 கிராம்னு தராசுல நிறுத்துப் போட்டு, ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சு அதுக்குள்ள பீக்கர இறக்கி மெதுவா சூடு பண்ணுங்க, மேல ஒரு தட்டு மூடிடுங்க, இல்லன்னா ஆவியாகி கணக்கு கெட்டுடும். அலுமினிய பாத்திரத்துல கரைக்காதீங்க, படிகாரத் தண்ணி புளிப்புத்தன்மை உள்ளது. காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர தயவுசெஞ்சு உள்ள விடாதீங்க, அது 42 டிகிரியோட சரி, லேப் தெர்மாமீட்டர்தான் வேணும்.

கலக்கிக்கிட்டே இருந்து கடைசி துணுக்கு கரையுற டிகிரிய குறிச்சுக்கங்க. அப்புறம் வெளிய எடுத்து ஆற விட்டு, முதல் படிகம் மினுங்குற டிகிரியையும் குறிங்க. ரெண்டும் ஒண்ணா வராது. ஆறும்போது கரைசல் அடம் புடிக்கும், வெளிய வரவேண்டியது வராம அதிதெவிட்டிய கரைசலா அப்படியே நிக்கும், கண்ணாடிக் குச்சியால உள்பக்கம் லேசா கீறினாலோ ஒரு பொடி படிகாரம் போட்டாலோ சடசடன்னு விழும். நிஜமான டிகிரி இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கும். மூணு பீக்கருக்கும் எடுத்து கிராஃப் போடுங்க, கிராம 100 மில்லிக்கு மாத்த ரெண்டால பெருக்கிக்கங்க. கோடு நேரா போகாது, மேல போகப் போக செங்குத்தா ஏறும்.

ஏன் இப்படின்னா, படிகாரம் கரையும்போது வெப்பத்த இழுத்துக்கும், அதனால வெளில இருந்து வெப்பம் குடுத்தா இன்னும் கரையுது. சமையல் உப்பு இழுக்குறது ரொம்ப கம்மி, அதான் சூட்ட அது கண்டுக்கவே மாட்டேங்குது.

எல்லாமே இப்படித்தான்னு எழுதிடாதீங்க, சுண்ணாம்பு தலைகீழ். 100 மில்லில 20 டிகிரிக்கு 0.17 கிராம் கரையுறது 100 டிகிரில 0.07 கிராம் கிட்ட இறங்கிடும். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்ப கரைச்சு தெளிய வெச்சு, மேல் தண்ணிய மட்டும் எடுத்து சூடு பண்ணினா கலங்கும். மூடி வெச்சுதான் பண்ணணும், காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு பட்டாலும் கலங்கும், அப்புறம் எதனால கலங்குச்சுன்னு டீச்சர் கேட்டா பதில் இருக்காது.