வயலின் கச்சேரிக்குப் போனால் விரலைப் பார்க்காதீர்கள், வில்லைப் பாருங்கள்

மார்கழி சீசனில் யாரோ பாஸ் கொடுத்தார்கள் என்றோ, மதியக் கச்சேரிக்கு டிக்கெட் தேவையில்லை என்றோ சபாவுக்குள் நுழைந்து, அது வயலின் தனிக் கச்சேரி என்று தெரியாமல் பாடகர் எப்போது வருவார் என்று கால் மணி நேரம் காத்திருந்த ஆள் நான். அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராகம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. வயலினில் சொல் கிடையாது, அதனால் பாட்டு தெரியாத ஆளுக்கு எல்லாம் ஒரே மாதிரி கேட்கும், பத்து நிமிடத்தில் தூக்கம் வரும். இதற்கு நான் கண்ட வழி, அடிக்கடி வாசிக்கப்படும் நாலைந்து கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டு முதலில் யாராவது பாடியதைக் கேட்பது, வரிகள் வாயில் நிற்கும் வரை கேட்பது, அப்புறம் அதையே வயலினில் கேட்பது. ஹம்சத்வனி ராகத்தில் 'வாதாபி கணபதிம்' இதற்கு நல்ல ஆரம்பம், எல்லோர் காதிலும் பாதி ஏற்கெனவே இருக்கும். சொல்லைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒரு வேடிக்கை நடக்கும்: எழுத்து மாறும் இடத்தில் வில் திரும்புவதும், ஒரே எழுத்தை இழுக்கும் இடத்தில் ஒரே வில்லுக்குள் ஐந்தாறு ஸ்வரங்கள் வழுக்கிப் போவதும் புரியும். லால்குடி ஜெயராமன் வாசிப்பைப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று ஊரே சொன்னதற்கு இது ஒரு பெரிய காரணம். கண்ணை மூடினால் சாகித்யம், அதாவது பாட்டின் சொல், கேட்கும்.

போவதற்கு முந்தைய வாரம் அவரையும், டி.என். கிருஷ்ணனையும், எம்.எஸ். கோபாலகிருஷ்ணனையும் யூடியூபில் ஆளுக்கு அரை மணி கேட்டுவிடுங்கள். வயலின் மும்மூர்த்திகள் என்று சொல்லப்படுபவர்கள். ஒரே கருவி, மூன்று குரல்கள். கிருஷ்ணனிடம் அவசரமே இருக்காது, ஒவ்வொரு ஸ்வரமும் துடைத்து வைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி இருக்கும், எம்.எஸ்.ஜி. ஒற்றை விரலை வைத்துக்கொண்டே தந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறப்பார். இந்த வித்தியாசம் காதில் விழுந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது.

சபாவில் இடம் பிடிக்கும்போது ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். இது வயலினுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒலி கொஞ்சம் கூடினாலும் மேல் தந்தி தகரத்தைக் கீறுவது மாதிரி ஆகிவிடும், பாவம் கலைஞர் மீது பழி விழும். நடு வரிசைகள் போதும். கை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கலைஞர் உட்கார்ந்ததும் அவர் கருவியைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். சம்மணம் போட்டு, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்திருப்பார். மேற்கத்திய இசைக்காரர்கள் தோளிலும் தாடையிலும் பிடிப்பார்கள். நம் முறையில் கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை, அதனால் அந்தக் கை தந்தி முழுக்க வழுக்கிப் போகலாம், கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பது, அதனால்தான் இவ்வளவு இயல்பாக வருகிறது. சுருதி கூட்டுவதும் வேறு: நான்கு தந்தியும் ச, ப, ச, ப. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் இதைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகின்றன. தஞ்சை நால்வர் என்ற இசை, நாட்டிய ஆசான்களான சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்த வயலின் 1834இல் வந்தது. யானைத் தந்தத்தால் ஆனது அது.

இப்போது வில். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இடது கை விரல்களைத்தான் பார்ப்பார்கள், வேகமாக ஓடுவதால் அதுதான் கண்ணை இழுக்கும். பாடுவதோ வலது கை. பாடகருக்கு மூச்சு என்றால் வயலின்காரருக்கு வில். ஒரு கார்வை வரும்போது, அதாவது ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கும்போது, வில் அடியிலிருந்து நுனிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பும் அந்தக் கணத்தில் ஒலி துண்டாகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நல்ல கையில் அந்த ஒட்டு தெரியவே தெரியாது. கண்ணால் திரும்புவதைப் பார்ப்பீர்கள், காது இல்லை என்று சொல்லும். இதைக் கவனிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வேகத்தின் மீதிருந்த மயக்கம் போய்விட்டது. ஆயிரம் ஸ்வரம் கொட்டுகிறவர் நிறையப் பேர், ஒரே ஒரு மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ச'வில், அசையாமல் நிற்கிறவர் குறைவு.

ஆலாபனையில், அதாவது சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்து வாசிக்கும் பகுதியில், ராகத்தின் பெயரைக் கண்டுபிடிக்க மூளையைக் கசக்க வேண்டாம். பக்கத்து மாமா கிசுகிசுப்பார், இல்லாவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதில் அவர் எந்த ஸ்வரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறார் என்று பாருங்கள், மிருதங்கம் சும்மா இருக்கும் நேரம் என்பதால் தம்பூராவோடு சேர்ந்து நன்றாகக் கேட்கும். கீழே ஆரம்பித்து, மெல்ல ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் தொடாமல் ஏங்க வைத்துவிட்டுத் தொடும்போது அரங்கமே ஒரு மூச்சு விடும். அப்புறம் தானம் என்ற பகுதியை வாசித்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தாளம் கிடையாது, ஆனால் துள்ளல் உண்டு, குட்டிக் குட்டி வில்வீச்சில் குதிரை நடை மாதிரி போகும். வாய்ப்பாட்டை விட வயலினில்தான் தானம் அழகு என்பது என் கட்சி. வீணைக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆதி தாளம் மட்டும் தெரிந்தால் போதும், எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மடியில் மெதுவாகப் போடுங்கள், பக்கத்து ஆளின் தொடையில் வேண்டாம். கல்பனாஸ்வரம், அதாவது அங்கேயே கற்பனையாக ஸ்வரம் கோக்கும் பகுதி, வரும்போது பாடகர் 'சரிகம' என்று சொல்லுவார், இங்கே அதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றும் பாட்டின் அதே சொற்றொடருக்குத் திரும்பி வந்து சேரும். அந்த எடுப்பில், அதாவது சொற்றொடர் தொடங்கும் இடத்தில், வந்து சரியாக விழுவதைப் பிடித்துவிட்டால் கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்த சந்தோஷம்.

தனி ஆவர்த்தனம், அதாவது தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள். மிருதங்கமும் கடமும் அதுவரை மற்றவருக்காக வாசித்துவிட்டு இப்போதுதான் தங்கள் பேச்சைப் பேசுகிறார்கள்.

கைதட்டுவது பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆலாபனை முடிந்ததும், ஸ்வரங்களின் கடைசிக் கோர்வை விழுந்ததும், தனி முடிந்ததும், உருப்படி, அதாவது ஒரு பாட்டு, முடிந்ததும் தட்டலாம். நடுவில் பிடித்துப் போனால் ஒரு சின்ன 'ஆஹா', 'பலே' போதும், அதுவும் தானாக வந்தால்தான். போன் வெளிச்சத்தை உயர்த்திப் படம் பிடிக்காதீர்கள், பின்னால் இருப்பவருக்கு மேடை முழுக்க உங்கள் திரைதான் தெரியும்.

கச்சேரி முடிந்து மேடை ஓரம் போய் நாலு வார்த்தை சொல்லலாம், பெரும்பாலும் கலைஞர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் 'பிரமாதம்' என்று பொதுவாகச் சொல்வதை விட எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கமானது. பல வருடங்களுக்கு முன் ஒரு வயலின் வித்வானிடம் போய், "சார், என்ன ஸ்பீடு! பிரமாதம்!" என்றேன். அவர் தந்தியில் படிந்த ரோசின் தூளைத் துணியால் துடைத்துக்கொண்டே, "சந்தோஷம். சஹானா எப்படி இருந்தது?" என்று கேட்டார். சஹானா ராகம் வாசித்த நேரத்தில் நான் கையில் டோக்கனோடு கீரை வடைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "ரொம்ப உருக்கமா இருந்தது சார்" என்றேன். அவர் பார்வை என் சட்டையில் இருந்த சட்னிக் கறைக்குப் போய்த் திரும்பியது.