மூலக்கூறு மேகத்தில் டியூட்டீரியத்தை அளப்பது எப்படி: எல்1544-ஐ வைத்து ஒரு செய்முறை

முதலில் ஒன்று. நாம் அளக்கப் போவது மேகத்தில் மொத்தம் எவ்வளவு டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) இருக்கிறது என்பதை அல்ல, ஒரு குறிப்பிட்ட மூலக்கூறுக்குள் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, அதாவது டியூட்டீரியம் ஏறிய வடிவத்தைச் சாதாரண வடிவத்தால் வகுத்த விகிதத்தை. சூரியனுக்கு அக்கம்பக்கத்து வாயுவில் 1 லட்சம் ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஒன்றரை டியூட்டீரியம்தான், அதுவும் மேகத்துக்குள் பெரும்பாலும் எச்டி மூலக்கூறாக (ஒரு ஹைட்ரஜன், ஒரு டியூட்டீரியம்) கிடக்கும். அந்த எச்டியின் முதல் சுழற்சி நிலையைத் தொடவே 128 கெல்வின் வேண்டும், 10 கெல்வின் குளிரில் அது வாயே திறக்காது. அதனால்தான் சுற்று வழி.

மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த அயனி எச்டியிடமிருந்து டியூட்டீரியத்தைப் பறிக்கும்போது சுமார் 230 கெல்வின் அளவு ஆற்றல் வெளியே போகிறது, குளிரில் அந்த வினை திரும்பி நடக்க வழியில்லை. இந்த அயனியை அழிக்கும் கார்பன் மோனாக்சைடும் தூசியில் பனியாக உறைந்துவிட்டால் டியூட்டீரியம் மளமளவென்று ஏறும்.

இலக்காக ரிஷப மேகத்தில் இருக்கும் எல்1544-ஐ எடுங்கள், இன்னும் விண்மீன் பிறக்காத கரு. மூலக்கூறு டயசெனிலியம்: இரண்டு நைட்ரஜன், ஒரு ஹைட்ரஜன். சாதாரண வடிவம் 93.17 கிகாஹெர்ட்ஸிலும், டியூட்டீரியம் ஏறியது 77.11, 154.22 கிகாஹெர்ட்ஸிலும் பேசும். ஸ்பெயினில் பிகோ வெலேட்டா மலையில் உள்ள ஐராம் 30 மீட்டர் தொலைநோக்கி இதற்குத் தோதானது. கோடுகளின் அகலம் நொடிக்கு 0.3 கிலோமீட்டர்தான், 93 கிகாஹெர்ட்ஸில் அது 100 கிலோஹெர்ட்ஸ்கூட இல்லை, ஆகவே 20 கிலோஹெர்ட்ஸ் பிரிதிறன் கேளுங்கள். அதிர்வெண் மாற்று முறையில், அதாவது வெற்று வானத்துக்குத் திரும்பாமல் அதிர்வெண்ணை மட்டும் தாவவிட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் முறையில், நேரம் மிச்சம். ஆனால் கோட்டின் கிளைகள் (ஒரே கோடு நெருக்கமாகப் பிளந்த துண்டுகள்) 4.6 மெகாஹெர்ட்ஸ் பரவிக் கிடப்பதால், அதைவிடப் பெரிய தாவலாக வையுங்கள். இல்லையென்றால் கிளையின் மேலேயே தலைகீழ் நிழல் விழும்.

சரி, நிறமாலை வந்துவிட்டது. 93-இன் கோட்டில் ஏழு கிளைகள் மூன்று கொத்தாகத் தெரியும், வேக அச்சில் பார்த்தால் இடது ஓரத்தில் ஒன்று மட்டும் தனியாக நிற்கும். அதைத்தான் முதலில் பாருங்கள். மொத்த ஒளியடர்த்தியில் (அந்தக் கோட்டின் ஒளியை வாயு எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) அதன் பங்கு ஒன்பதில் ஒன்று. நடுக்கொத்தின் பெரிய கிளை அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர வேண்டும், கிட்டத்தட்ட சம உயரமாகத் தெரிந்தால் நடுவில் இருப்பது நிறைவுற்றுவிட்டது, மூலக்கூறு கூடினாலும் உயரம் கூடாது என்று அர்த்தம். அப்போது பரப்பளவை எடுத்து நேரடியாக வகுத்தால் சாதாரண டயசெனிலியம் குறைவாகவும், விகிதம் செயற்கையாக அதிகமாகவும் வரும். ஏழு கிளைகளையும் ஒன்றாகப் பொருத்தி, ஒளியடர்த்தி, அகலம், கிளர்வு வெப்பநிலை (மூலக்கூறுகள் ஆற்றல் நிலைகளில் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் எண்) மூன்றையும் எடுத்த பிறகே எண்ணிக்கைக்குப் போங்கள். இந்த மேகத்தில் கிளர்வு வெப்பநிலை 5 கெல்வின் பக்கம் வரும், வாயுவின் வெப்பநிலையை அங்கே போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பீம், அதாவது தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்க்கும் வானத் துண்டின் அகலம். 93-இல் அது 26 வில்விநாடி, 154-இல் 16. சின்ன பீம் கருவின் உச்சியை மட்டும் பார்க்கும், பெரியது சுற்றுப்புறத்தையும் சேர்த்து அள்ளும், இரண்டையும் அப்படியே வகுப்பது தவறு. 154-க்கு ஒரு சிறு வரைபடமே எடுத்து, 26-க்கு மழுக்கி, அப்புறம் வகுக்க வேண்டும். நேரம் பிடிக்கும்தான், ஆனால் இதைத் தவிர்த்த விகிதத்தை நான் நம்ப மாட்டேன்.

ஒழுங்காகச் செய்தால் கருவின் நடுவில் 0.2 பக்கம் வரும், அதாவது அண்டையிலுள்ள அளவைப் போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல். அதே இடத்தில் ஃபார்மைல் அயனியை (ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் ஒவ்வொன்று) அளந்தால் 0.04தான் கிடைக்கும் (அதன் சாதாரண கோடு ரொம்ப அடர்த்தி, கார்பன்-13 வடிவத்தை அளந்து 68 ஆல் பெருக்குங்கள்). இரண்டு அளவும் சரியே. ஃபார்மைல் உருவாகக் கார்பன் மோனாக்சைடு வேண்டும், அதுவோ நடுவில் உறைந்து போயிற்று, ஆகவே ஃபார்மைல் காட்டுவது வெளி அடுக்கை. எந்த மூலக்கூறு, எந்த பீம், எந்தக் கிளர்வு வெப்பநிலை என்பதையும் விகிதத்தோடு சேர்த்தே எழுதுங்கள், வெப்பநிலையை 4.5, 5.5 என்று மாற்றிப் போட்டு எண் எவ்வளவு நகர்கிறதோ அதையும் பிழைக்குள் சேர்த்துவிடுங்கள்.