‘நல்லா இருக்கேண்ணே’ என்பதை அப்படியே நம்பாதீர்கள்

2020இல் கொரோனாவால் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளை அடைத்தபோது, என் சித்தப்பா மகன் மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே இருந்தான். தினமும் போன் செய்வேன். "நல்லா இருக்கேண்ணே" என்பான். சரி என்று வைத்துவிடுவேன். பகலெல்லாம் படுத்துக் கிடந்துவிட்டு விடிய விடிய விழித்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நீண்ட விண்வெளிப் பயணங்களில் மனத்துக்கு என்ன ஆகிறது என்று நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

சண்டை இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை மாஸ்கோவில் 6 ஆண்கள் 520 நாள் அடைபட்டு வாழ்ந்தார்கள். மார்ஸ்-500 என்று பெயர். அடிதடி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி வேறு கதை சொன்னது. நாளாக நாளாக நடமாட்டம் குறைந்தது, தூக்கமும் ஓய்வும் கூடின. ஒருவருடைய உடலுக்கு ஒரு நாள் என்பது 25 மணி நேரமாகிப் போனது. பல நாள் மற்றவர்கள் தூங்கும்போது அவர் விழித்திருப்பார், அவர் படுக்கும்போது அவர்கள் எழுவார்கள். ஐந்து பேர் பக்கத்தில் இருந்தும் அவருக்குத் தனிமைதான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

அடுத்தது, கோபத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது. அந்த ஒத்திகையில் தங்களுக்குள் வந்த உரசலைவிட, வெளியிலிருந்து வழிநடத்திய கட்டுப்பாட்டு மையத்தோடு வந்த உரசலையே அவர்கள் பல மடங்கு அதிகமாகக் குறிப்பிட்டார்கள். கூட இருப்பவரோடு மோதினால் அங்கேதான் இருந்தாக வேண்டும், அதனால் அடக்கிய எரிச்சல் வெளியே இருப்பவர்மேல் பாயும். சோறு ஆறிப்போய் வந்ததற்குத் தம்பி ஒருநாள் என்மேல் எரிந்து விழுந்தான். நானும் பதிலுக்குக் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். செவ்வாய்க்குப் போகிறவர்களிடம் இப்படிப் பேச்சுக்குப் பேச்சு கேட்கவும் முடியாது. தூரம் அதிகமாகும்போது ஒரு சொல் போய்ச் சேரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் புறப்படும் முன்பே அவர்கள் ஒருவரையொருவர் கவனிக்கப் பழக வேண்டும்.

திரும்பி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் தவறு. ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யகோவ் 1994–95இல் மிர் விண்வெளி நிலையத்தில் ஒரே மூச்சில் 437 நாள் இருந்தார். அவரைத் தொடர்ந்து சோதித்ததில், விண்வெளியில் முதல் 3 வாரமும், பூமிக்குத் திரும்பிய முதல் 2 வாரமும்தான் மனநிலை தெளிவாகச் சரிந்திருந்தது. இடையில் சமாளித்துவிட்டார்.

வெளியே விட்ட பிறகு தம்பியை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். கூட்டமும் சத்தமும் தாங்காமல் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ஏன் என்று கேட்காமல் நானும் கை கழுவிவிட்டு அவனோடு நடந்தேன்.