ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும்: ரிப்பேர் கற்கத் தொடங்குவோருக்கான செய்முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் மழைக்காலம் முடிந்தால் ரிப்பேர் காலம் தொடங்கிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் ஆற்றோரத் தெருக்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் டிவியும் மைக்ரோவேவும் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தன. "இத நாமளே கழட்டிப் பாத்துடலாம்" என்ற எண்ணம் அப்போதுதான் வரும். கடையில் கேட்கும் கூலி கட்டுப்படியாகாத வீடுகளில் அந்த எண்ணம் வருவது நியாயம்தான். அப்படி இறங்குகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். நன்றாக ஓடும் கருவியைவிட ஓடாத கருவிதான் அதிகம் ஆபத்து. ஏன் என்பது படி 4-இல் வருகிறது.

படி 1: திறக்கக் கூடாதவற்றைத் தனியே வையுங்கள்

மைக்ரோவேவ் அவன் முதலில். வீட்டுக்குள் இருக்கும் பொருள்களில் இதற்கு இணையான ஆபத்து வேறில்லை என்பேன். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2,000 வோல்ட் ஆக்கும். டயோடும், சார்ஜைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதை 4,000 வோல்ட் அளவுக்கு ஏற்றும். கரண்டும் தாராளமாக வரும். தொட்டால் உதறிக்கொண்டு கையை இழுக்க அவகாசம் கிடைக்காது. அந்தக் கெப்பாசிட்டருக்குள் சார்ஜை வடிக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது நன்றாக இருந்தால் ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். அறுந்திருந்தால் வடியாது, அறுந்திருப்பது வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைத்துப் பார்க்கவும் முடியாது. மீட்டரும் வயரும் அந்த வோல்ட்டேஜுக்குச் செய்யப்பட்டவை அல்ல.

பழைய மைக்ரோவேவிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி, பலகையில் மின்னல் கிளை போலக் கோலம் எரிக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அதைச் செய்து பலர் செத்திருக்கிறார்கள். அமெரிக்க மரக் கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடையே செய்திருக்கிறது. செய்யாதீர்கள்.

அடுத்தது பிக்சர் டியூப் டிவி. 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவிகள் நம் கிராமங்களில் இன்னும் பரணில் கிடக்கின்றன. செம்புக்காக அவற்றை உடைக்கிறார்கள். ஓடும்போது டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அந்தக் கண்ணாடியே ஒரு கெப்பாசிட்டர். நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் சார்ஜ் வைத்திருக்கலாம். ஒருமுறை வடித்த பிறகும் கொஞ்சம் திரும்ப ஏறும். உள்ளே வெற்றிடம் என்பதால் கழுத்தில் அடிபட்டால் கண்ணாடி சில்லாகத் தெறிக்கும்.

மூன்றாவது, மாடிச் சூரியப் பலகை. வெயில் இருக்கும்வரை அதை ஆஃப் செய்ய முடியாது. ஒரு பலகை 40 வோல்ட்தான், ஆனால் எட்டுப் பலகையைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டைத் தாண்டும். அதுவும் டி.சி. வீட்டு ஏ.சி. கரண்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது. ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் நெருப்பு நீண்டு நிற்கும்.

இந்த மூன்றையும் அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். நீங்கள் கற்க வேண்டியவை எல்.இ.டி. டிவியின் பவர் போர்டு, அடாப்டர், செட் டாப் பாக்ஸ் போன்றவை. அதையும் முதலில் ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருந்து செய்யுங்கள்.

படி 2: நனைந்ததை ஆன் செய்து பார்க்காதீர்கள்

வெயிலில் காய்ந்தால் தண்ணீர் போகும், சேறும் உப்பும் போகாது. தேவனாம்பட்டினம், கடலூர் துறைமுகம் பக்கம் வெள்ளமே வராத வீட்டிலும் போர்டில் பச்சை பூத்திருக்கும், கடல்காற்று போதும். உப்புப் படலம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, பிரிந்திருக்க வேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே பாதை போடும். கரண்ட் அதன் வழியே ஓடி போர்டைக் கருக்கும், இரும்புப் பெட்டியிலும் ஏறும். நனைந்த கருவியைப் போர்டு சுத்தம் செய்யாமல் ப்ளக்கில் சொருகவே கூடாது.

படி 3: இணைப்பை முழுதாகத் துண்டியுங்கள்

சுவிட்சை அணைப்பது போதாது. வயரிங் மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும், ஃபேஸ் உள்ளேயே நிற்கும். ப்ளக்கைக் கழற்றி உங்கள் கண்ணெதிரே மேசையில் வையுங்கள். மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்ப வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் போனதும் அதன் லைனுக்கு உயிர் வந்துவிடும்.

மோதிரம், வளையல், செயின், இடுப்பில் வெள்ளிக்கொடி எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி வெறும் 12 வோல்ட்தான் என்றாலும் மோதிரம் அதன் இரண்டு முனையில் பட்டால் விரலோடு பழுக்கும்.

படி 4: கெப்பாசிட்டரை அளப்பது

மோட்டாரை நிறுத்தினாலும் மேல்தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல, ப்ளக் போன பிறகும் இதில் சார்ஜ் நிற்கும். பவர் போர்டில் மிகப் பெரிய உருளையைத் தேடுங்கள். மேலே 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் அங்கே சுமார் 325 வோல்ட் ஏறும், பெரிய டிவிகளில் 400-ஐ நெருங்கும்.

போர்டு நன்றாக இருந்தால், பிடுங்கியபின் சர்க்யூட்டே அதைக் குடித்து முடிக்கும். சர்க்யூட் செத்துவிட்டால் குடிக்க ஆள் இல்லை, சார்ஜ் அப்படியே நிற்கும். நம் கைக்கு வருவதெல்லாம் செத்த போர்டுகள்தானே. ஓடாத கருவி ஆபத்து என்றது இதனால்தான்.

அளக்கும் முறை: சிவப்பு வயர் மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் துளையில் வைத்துத் தொட்டால் நேர் ஷார்ட். டி.சி. 600 அல்லது 1,000 வோல்ட்டில் வைத்து, ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் வையுங்கள். பிறகு மறுபடி பேட்டரி. மீட்டர் நடுவில் செத்திருந்தால் அது காட்டிய பூஜ்யம் பொய் அல்லவா.

கறுப்பு முனையை டிவியின் இரும்புச் சட்டத்திலோ யு.எஸ்.பி. துளையின் கிரவுண்டிலோ வைக்காதீர்கள். மெயின் பக்கத்துக் கிரவுண்டு வேறு, அவுட்புட் பக்கத்துக் கிரவுண்டு வேறு. மாற்றி வைத்தால் 325 வோல்ட் நிற்கும் இடத்திலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டலாம். மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டெஸ்டரையும் நம்பாதீர்கள், சார்ஜ் நிற்கும் கெப்பாசிட்டரில் அது எரிய வேண்டும் என்பதில்லை.

அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் கரண்ட் நெஞ்சு வழியே போகும். அப்போது ரப்பர் செருப்பு காப்பாற்றாது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது. அது 30 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசிந்தால் விழும். கெப்பாசிட்டரிலிருந்தோ டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்திலிருந்தோ உங்களுக்குள் போகும் கரண்ட் அதன் கணக்கில் வராது.

படி 5: வடிப்பது

ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் ஷார்ட் செய்யும் பழக்கம் பல கடைகளில் உண்டு. ஈயம் உருகிக் கண்ணில் தெறிக்கும், போர்டும் போகும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு பக்கமும் நல்ல உறையுள்ள வயர் வைத்து, திறந்த உலோகம் எதுவும் கையில் படாதபடி ப்ரோப் கட்டிக்கொள்ளுங்கள். 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்று விநாடியில் அநேகமாகக் காலியாகும்; பத்து விநாடி வைத்திருங்கள். மறுபடி அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின் கை வையுங்கள்.

படி 6: திரும்ப உயிர் கொடுப்பது

பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் பியூஸ் மட்டும். செம்புக் கம்பி சுற்றாதீர்கள். முதல் முறை சீரியஸ் பல்ப் வழியாக, அதாவது கருவிக்குப் போகும் லைனில் தொடராக இணைத்த பல்ப் வழியாகக் கொடுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப் வேண்டும், எல்.இ.டி. உதவாது. பல்ப் பளிச்சென்று எரிந்தே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அணைத்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். மெயின் எங்கே என்று அவருக்குக் காட்டிவிட்டு உட்காருங்கள்.

படி 7: யாருக்காவது ஷாக் அடித்தால்

அவரைத் தொடாதீர்கள். முதலில் ப்ளக் அல்லது மெயின். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். நினைவும் சரியான மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆள் வரும்வரை அழுத்துங்கள்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம், தோலில் சின்னப் புள்ளியாகத் தெரியும் தீக்காயம் உள்ளே தசைவரை போயிருக்கலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ கோரிமேட்டில் ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை வோல்ட், எந்தக் கருவி, எங்கே ஏறி எங்கே இறங்கியது, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்பதைக் கூடப் போகிறவர் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.