ஜிமெயில் ஹேக் ஆகிவிட்டதா? மீட்பதும், மீட்டபின் துடைப்பதும்

பாஸ்வேர்டு தவறு என்கிறது. மாற்று மெயிலில் 'ரிகவரி எண் மாற்றப்பட்டது' என்று கூகுளின் தகவல் கிடக்கிறது. அப்படியென்றால் கணக்கு வேறொருவர் கையில். ஆனாலும் உங்கள் பழைய ரிகவரி எண்ணும் மெயிலும் (கணக்கை மீட்க நீங்கள் முன்பே கொடுத்து வைத்தவை) உடனே செல்லாக்காசாகிவிடாது. மாற்றிய நாளிலிருந்து 7 நாள் வரை அவற்றுக்கும் சரிபார்ப்புக் குறியீடு அனுப்ப கூகுள் வழி தரக்கூடும். அந்தக் கெடுவுக்குள் இறங்குங்கள்.

பணமும் போயிருந்தால் மெயில் பிறகு. முதலில் வங்கியைக் கூப்பிட்டுவிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டு ஃபோனில் அந்தக் கணக்கு இன்னும் லாகின் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் லாக் அவுட் செய்யவே வேண்டாம். செட்டிங்ஸில் கூகுள், 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்', செக்யூரிட்டி என்று போய் பாஸ்வேர்டைத் தொடுங்கள். பழையதைக் கேட்டால் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுங்கள். சில நேரம் ஃபோனின் திரைப்பூட்டை வைத்தே புதியது போடலாம்.

லாகின் இல்லையென்றால் 'கூகுள் அக்கவுண்ட் ரிகவரி' பக்கம்தான். எங்கிருந்து முயல்கிறீர்கள் என்பது முக்கியம். வழக்கமான கம்ப்யூட்டர், வழக்கமான பிரவுசர், வீட்டு வைஃபை. இருக்குமிடத்தை மறைக்கும் விபிஎன்னும் பிரவுசிங் சென்டரும் ஆகாது. பழக்கமில்லாத சாதனமோ இடமோ என்றால் கூகுளுக்குச் சந்தேகம்தான் கூடும். பழைய பாஸ்வேர்டு கேட்டால் நினைவில் இருப்பவற்றுள் கடைசியாக வைத்திருந்ததைக் கொடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டாலும் ஊகித்து எழுதலாம், தவறினால் வெளியேற்றிவிட மாட்டார்கள். கேள்வியைத் தாண்டிப் போவதுதான் நஷ்டம். குறியீடு வரவில்லையென்றால் ஸ்பேமிலும் தேடுங்கள். சில நேரம் சில மணி நேரமோ சில நாளோ காத்திருக்கச் சொல்லும், காத்திருக்கத்தான் வேண்டும்.

தேடலில் கிடைக்கும் 'கூகுள் கஸ்டமர் கேர்' எண் எதையும் கூப்பிடாதீர்கள். பாஸ்வேர்டு மீட்டுத் தருவதாகச் சொல்லும் எந்த நிறுவனத்தோடும் கூகுளுக்குத் தொடர்பு கிடையாது. ஓடிபி கேட்பவரும், திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொல்பவரும் இரண்டாவது திருடர்.

உள்ளே நுழைந்ததும் நிம்மதியாக மூடிவிட்டுப் போகிறவர்கள்தான் மறுபடி மாட்டுகிறார்கள். கிராக் (திருட்டு) சாஃப்ட்வேர் ஏற்றிய கம்ப்யூட்டரா? அதிலிருந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். அதில் வைரஸ் இருந்தால் நீங்கள் லாகின் ஆனதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீயையே திருடி, பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமல் நுழைந்துவிடுவார்கள். நீங்கள் போடும் புதிய பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும். பாஸ்வேர்டை வேறு சாதனத்தில் மாற்றுங்கள், அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யுங்கள்.

செக்யூரிட்டி பகுதியில் ரிகவரி எண்ணையும் மெயிலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாததை எல்லாம் சைன் அவுட் செய்யுங்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாம் சரிபார்ப்பு) ஹேக்கர் தன் ஆத்தென்டிகேட்டர் ஆப்பையோ (குறியீடு தரும் ஆப்), பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய உதவும் பாஸ்கீயையோ சேர்த்து வைத்திருந்தால் நீக்குங்கள். ஃபோன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுத்தால் பழையவை செல்லாது. அனுமதி பெற்ற வெளி ஆப்களில் அறிமுகமில்லாதவற்றையும் துண்டியுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஜிமெயிலின் உள் அமைப்பு. மொபைல் ஆப்பில் முழுதாகத் தெரியாது, கம்ப்யூட்டரில் 'சீ ஆல் செட்டிங்ஸ்' திறக்க வேண்டும். ஃபார்வர்டிங் பகுதியில் வேறு முகவரி இருந்தால் உங்களுக்கு வரும் மெயில் அங்கும் போகிறது என்று பொருள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது நிற்காது. ஃபில்டர் பகுதி இன்னும் நுட்பமானது: 'வங்கி', 'ஓடிபி' போன்ற சொல் வரும் மெயிலை நேராகக் குப்பைக்கு அனுப்ப விதி போட்டிருப்பார்கள், எச்சரிக்கை எதுவும் உங்கள் கண்ணில் படாது. அக்கவுண்ட்ஸ் பகுதியில் 'சென்ட் மெயில் ஆஸ்' (எந்த முகவரியிலிருந்து மெயில் அனுப்பலாம் என்பது), 'கிராண்ட் ஆக்சஸ்' (உங்கள் கணக்கை வேறு யார் திறக்கலாம் என்பது) இரண்டிலும் அந்நிய முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மெயிலின் அடியில் தானாகச் சேரும் கையெழுத்தையும் (சிக்னேச்சர்), தானாகப் போகும் விடுமுறைப் பதிலையும்கூட ஒரு பார்வை பாருங்கள். மோசடி லிங்க் அங்கேயும் ஒளிந்திருக்கலாம்.

அழிந்த மெயில்கள் டிராஷில் 30 நாள் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் ஜிமெயில் உதவிப் பக்கத்தில் காணாமல்போன மெயில்களை மீட்கக் கோரும் வசதி உண்டு. எல்லாம் திரும்பும் என்று உறுதியில்லை, நாள் கடத்தினால் வாய்ப்பு இன்னும் குறையும்.