டிஸ்னி வேர்ல்டில் நல்ல சாப்பாடு: டேபிள் பிடிக்கும்போது செய்யும் தவறுகள்

இரவு ஒன்பதே கால். வெள்ளை விரிப்பு போட்ட மேசை, செஃப் பார்த்துப் பார்த்து அலங்கரித்த தட்டுகள். எதிர் நாற்காலியில் எங்கள் பையன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி ஷூவைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தட்டில் இருப்பது மீனா கோழியா என்று பார்க்கவே தெம்பு இல்லை. சமையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்கே பூங்காவுக்குள் நுழைந்து, நாள் முழுக்க வெயிலில் நடந்துவிட்டு, பயணத்திலேயே விலை அதிகமான சாப்பாட்டை அதே நாள் இரவுக்கு வைத்துக்கொண்டது நாங்கள்தான்.

ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நல்ல உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. 1971-இல் திறந்த இடம், சுமார் 40 சதுர மைல் பரப்பு, நான்கு பெரிய பூங்காக்கள் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்), இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். ஒரு நகரத்தின் அளவு. அதனால் ‘எந்த உணவகம் சிறந்தது’ என்று தேட ஆரம்பிப்பதே பாதித் தவறு என்பேன். எந்த நாளில், எங்கிருந்து கிளம்பி, எவ்வளவு களைப்போடு போய் உட்காரப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அதைத் தீர்மானித்துவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

‘சிக்னேச்சர்’ என்றால் சமையல் உயர்வு என்று நம்புவது

டிஸ்னி தன் விலை உயர்ந்த உணவகங்களுக்கு ‘சிக்னேச்சர் டைனிங்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அது டிஸ்னியே ஒட்டிக்கொள்ளும் முத்திரை. அந்த ஒரே வரிசையில் மேஜிக் கிங்டம் கோட்டைக்குள் இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிளும் வரும், கன்டெம்ப்ரரி ஹோட்டலின் கலிபோர்னியா கிரில்லும் வரும். முன்னதில் முழுப் பணத்தையும் முன்பதிவு செய்யும்போதே கட்டிவிட வேண்டும். அந்தப் பணம் கோட்டைக்குள் உட்கார்வதற்கும் சிண்ட்ரெல்லாவைப் பார்ப்பதற்கும்தான். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாள் நினைவு, தாராளமாகப் போகலாம். கல்யாண நாளுக்கு நல்ல சாப்பாடு தேடிப் போகும் தம்பதிக்கு அது சரிவராது.

வெளியார் மதிப்பீடு வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் வழிகாட்டி 2022-இல் ஃப்ளோரிடாவுக்கு வந்தது. கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் 2024-இல் ஒரு நட்சத்திரம் பெற்றது. அதற்கு முன்பே, 2022-லேயே, நட்சத்திரம் வாங்கியது காப்பா. டிஸ்னி எல்லைக்குள்ளேயே இருக்கும் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் பதினேழாவது மாடியில் இருக்கிறது. தபாஸ் என்ற ஸ்பெயின் பாணிச் சிறு தட்டுகளும் ஸ்டேக்கும் அதன் சிறப்பு. அந்த ஹோட்டலை நடத்துவது டிஸ்னி இல்லை என்பதால், டிஸ்னி ஆப்பை மட்டும் நம்பித் தேடுபவர் கண்ணில் காப்பா படுவது அரிது. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியும் இப்படித்தான். அங்கே மொரிமோட்டோ ஏஷியா, ஹோசே ஆண்ட்ரேஸின் ஹாலேயோ போன்றவை வெளி நிறுவனங்கள் நடத்துபவை. பூங்கா டிக்கெட் வேண்டாம், கார் நிறுத்தவும் காசில்லை.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸை ‘இன்னொரு டின்னர்’ என்று நினைப்பது

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். டி-ஷர்ட், அரைக்கால் சட்டை எதுவும் நடக்காது. கோட் போட்டுப் போவதுதான் வழக்கம். பல சுற்றுகளாக வரும் சாப்பாடு, முடிய மூன்று மணி நேரம் போல ஆகும். ஒருவருக்கு 300 டாலரை ஒட்டிய கட்டணத்தில் தொடங்கி, எந்த அறையில் உட்காருகிறீர்கள், ஒயின் சேர்க்கிறீர்களா என்பதைப் பொறுத்து மேலே போகும். அன்று பூங்காவே வேண்டாம். மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போங்கள். முடியாது என்றால் அந்தப் பணத்தை இன்னொரு பயணத்துக்கு எடுத்து வைத்துவிடலாம்.

மற்ற உணவகங்களில் உடை விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. நீச்சல் உடையோடு போகாமல் இருந்தால் சரி. ஏசி மட்டும் பல இடங்களில் கடுமையாக இருக்கும். கோடைப் பிற்பகலில் இடியோடு கொட்டும் ஃப்ளோரிடா மழையில் நனைந்துவிட்டு அதில் உட்கார்ந்தால் சூப்பைத் தவிர எதிலும் மனம் போகாது.

வரைபடத்தைப் பார்க்காமல் டேபிள் பிடிப்பது

அதிகம் பேர் அடிபடும் இடம் இதுதான். வரைபடத்தில் இரண்டு ஹோட்டல்களும் விரல் அகல தூரத்தில் இருக்கும். ஆனால் ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்கு நேரடி பஸ் கிடையாது. ஏதாவது ஒரு பூங்காவுக்கோ டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கோ போய், அங்கே இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். போகும்போது உற்சாகத்தில் இது உறைக்காது. வயிறு நிறைந்து, பத்து மணிக்கு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போதுதான் தெரியும். அப்போது டாக்ஸியைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம். அந்தச் செலவையும் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு எது பக்கம் என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மேஜிக் கிங்டம் போகும் நாளில் கன்டெம்ப்ரரி, பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டல்கள் மூன்றும் மோனோரயில் வழியில் வரும். கன்டெம்ப்ரரிக்குப் பத்து நிமிடம் நடந்தே போய்விடலாம். எப்காட் நாளில் பின்வாசல் வழியாக வெளியே வந்தால் போர்டுவாக் ஹோட்டலில் இருக்கும் ஃபிளையிங் ஃபிஷ், யாட் கிளப் ஹோட்டலில் இருக்கும் யாட்ஸ்மன் ஸ்டேக்ஹவுஸ் இரண்டும் நடை தூரம். ரிவியேரா ஹோட்டலின் உச்சியில் உள்ள டோப்போலினோஸ் டெரஸுக்கு எப்காட்டிலிருந்தும் ஹாலிவுட் ஸ்டூடியோஸிலிருந்தும் ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டியில் தொங்கிக்கொண்டே போகலாம். பக்கத்தில் மின்னல் வெட்டினால் அதை நிறுத்திவிடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். இன்னொன்று: மிக்கி மௌஸ் மேசைக்கு வருவது டோப்போலினோஸின் காலைச் சாப்பாட்டில்தான். இரவில் அது பெரியவர்களுக்கான அமைதியான உணவகம். பிள்ளைகளிடம் மிக்கி வருவார் என்று சொல்லி இரவில் கூட்டிப்போனால் நீங்கள்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டல் ஒரு தனிக் கதை. சாலை வழியே தவிர வேறு வழியில்லை. அங்கே உள்ள ஜிக்கோ உணவகத்தில் ஆப்பிரிக்கச் சமையலின் சாயலும் தென்னாப்பிரிக்க ஒயின்களும் பிரமாதம். ஆனால் ஹோட்டலுக்குப் பின்னால் ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் படத்தில் பார்த்துவிட்டு, அதைப் பார்த்தபடியே சாப்பிடலாம் என்று ஜிக்கோவில் இடம் பிடிப்பவர்கள் உண்டு. ஜிக்கோவிலிருந்து புல்வெளி தெரியாது. அது தெரிவது அடுத்த கட்டடமான கிடானி வில்லேஜில் இருக்கும் சனா உணவகத்தின் ஜன்னல்களில். சனா ‘சிக்னேச்சர்’ வரிசையிலேயே இல்லை, விலையும் குறைவு. இந்திய, ஆப்பிரிக்க ருசிகள் கலந்த மெனு. ஐந்து வகை ரொட்டியும் தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும் தரும் அதன் ரொட்டித் தட்டுக்கு ரசிகர்கள் ஏராளம். மிருகங்களைப் பார்க்க வேண்டுமென்றால், எங்கே சாப்பிட்டாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு போனால் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

பூங்காவுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்காமல் விடுவது

நாட்டுக்கு ஒன்றாக அரங்குகள் உள்ள எப்காட்டில் கனடா அரங்கின் ல செலியே, பிரான்ஸ் அரங்கின் மொஸ்யூ பால், ஜப்பான் அரங்கின் டகுமி-டெய் மூன்றும் பேர் பெற்றவை. மூன்றும் டிக்கெட் வாசலுக்கு உள்ளே இருப்பவை. அன்று எப்காட் போகும் திட்டம் இல்லையென்றால், சாப்பிடுவதற்காக மட்டும் ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் டிக்கெட் வாங்க வேண்டும். ஸ்டேக்கின் விலை இரண்டு மடங்காகிவிடும். இதையே திருப்பிப் பாருங்கள்: ஹோட்டல் உணவகங்களுக்கு டிக்கெட் தேவையில்லை. பூங்காவுக்குப் போகாமல் ஓய்வெடுக்கும் நாள் ஒன்று எப்படியும் இருக்கும். பெரிய சாப்பாட்டை அந்த நாளில் வையுங்கள், அதுவும் ஐந்தரை மணிக்கு. வந்திறங்கும் நாளில் வைக்க வேண்டாம். விமானம் தாமதமானால் ரிசர்வேஷனும் போய்விடும்.

வாணவேடிக்கைக்காக டேபிள் பிடிப்பது

கலிபோர்னியா கிரில் கன்டெம்ப்ரரியின் பதினைந்தாவது மாடி. மேஜிக் கிங்டம் கோட்டைக்கு மேல் வெடிக்கும் வாணவேடிக்கை அங்கிருந்து அப்படியே தெரியும். அதனால் எல்லோரும் அந்த நேரத்துக்கே இடம் கேட்கிறார்கள். ஜன்னலோர மேசை உங்களுக்குத்தான் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். வாணவேடிக்கை நேரமும் பருவத்துக்கும் நாளுக்கும் தக்கபடி மாறும். அது நடக்கும்போது கூட்டமே எழுந்து வெளிமாடத்துக்குப் போய்விடும், தட்டில் இருப்பது ஆறிப்போகும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முன்னிரவிலேயே அங்கே சாப்பிட்டுவிட்டு, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அன்றிரவே வாணவேடிக்கைக்குத் திரும்பி மேலே போவது. நெடுநாள் வழக்கம் இது. இருந்தாலும் கிளம்புவதற்கு முன் அங்கேயே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கலிபோர்னியா கிரில்லில் மொத்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரே விலை என்பதால், லேசாகச் சாப்பிடுபவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவர்கள் கிராண்ட் ஃப்ளோரிடியனில் ஏரிக்கரையில் உள்ள நார்கூசீஸைப் பார்க்கலாம். அங்கிருந்தும் வாணவேடிக்கை தெரியும், தள்ளி நின்று பார்ப்பது போல.

முதல் முயற்சியில் கிடைக்கவில்லை என்று கைவிடுவது

முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை: தங்க வரும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் எல்லா நாட்களுக்கும் (அதிகபட்சம் பத்து நாள்) சேர்த்துப் பதிவு செய்யலாம். அதாவது உங்கள் ஐந்தாம் நாளுக்கு, வெளியில் தங்குபவர்களைவிடச் சில நாள் முந்திக்கொள்கிறீர்கள். ஆகவே கிடைக்கக் கடினமான உணவகத்தைப் பயணத்தின் கடைசிப் பகுதிக்குத் தள்ளுங்கள். முதல் நாளுக்கே அதைக் கேட்டு முட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

அப்படியும் கிடைக்கவில்லையா? பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாம். வராமல் போனால் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் போன்ற இடங்களின் விதி இதைவிடக் கடுமை, படித்துப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.) எனவே முந்தின நாள் இரவும் அன்று காலையும் நிறைய இடங்கள் காலியாகும். ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பில்லை மெனு விலையோடு முடித்துக்கொள்வது

மெனுவில் உள்ள விலைக்கு மேல் வரி 6.5 சதவீதம். அதற்கு மேல் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது அங்கே வழக்கம். பெரிய குழுவாகப் போனால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். கவனிக்காமல் இரண்டாம் முறை டிப்ஸ் வைத்துவிட்டு வருவது வெகு சகஜம். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் டிஸ்னி டைனிங் பிளான் வாங்கியிருந்தால், சிக்னேச்சர் உணவகத்தில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு கிரெடிட் போகும். என் கணக்கில் அது பெரும்பாலும் நஷ்டம். கிரெடிட்டைச் சாதாரண உணவகங்களில் செலவழித்துவிட்டு, பெரிய சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பது மேல். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸில் அந்தப் பிளானே செல்லாது.

சைவம் சாப்பிடுபவர்கள் இலைக் குறியை மட்டும் தேடுவது

டிஸ்னி மெனுக்களில் 2019 முதல் ஒரு சிறிய இலைக் குறி வருகிறது. அந்தக் குறி உள்ள உணவில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தேன் எதுவும் இருக்காது. பால், வெண்ணெய், சீஸ் சாப்பிடும் சைவக்காரர்களுக்கு ஏற்ற பல உணவுகள் அந்தக் குறி இல்லாமலேயே இருக்கும். குறியை மட்டும் பார்த்து ‘இங்கே நமக்கு ஒன்றுமில்லை’ என்று உணவகத்தையே ஒதுக்கிவிடாதீர்கள். அதே நேரம், காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் அடியில் கோழிச் சாறு இருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். ஒவ்வாமையைப் பதிவு செய்யும்போதே குறிப்பிட முடியும். பல சுற்று வரும் இடங்களில் கடைசி நேரத்தில் சொன்னால் செஃப் கையில் மாற்று இருக்காது. மெனு அடிக்கடி மாறுவதால், இரண்டு வருடம் முந்தைய படங்களைப் பார்த்து நாக்கைத் தயார் செய்துகொள்ளவும் வேண்டாம்.

பக்கத்துக் கதவைத் தட்டாமல் விடுவது

அனிமல் கிங்டம் பூங்காவுக்குள் 2016-இல் திறந்த உணவகத்தின் பெயர் டிஃபின்ஸ். பெயர் நம்ம டிஃபின்தான். இட்லி கிடைக்குமோ என்று போனால் ஏமாற்றம்தான். ஆனால் சமையலும் சுவரில் உள்ள ஓவியங்களும் அருமை. அதை ஒட்டியே நோமட் லவுஞ்ச். அங்கே சின்னச் சின்னத் தட்டுகளாக வாங்கி, ஆற்றைப் பார்த்த வராந்தாவில் சோபாவில் சாய்ந்து சாப்பிடலாம். கன்டெம்ப்ரரியின் கீழ்த்தளத்தில் ஸ்டேக்ஹவுஸ் 71 இருக்கிறது; பதினைந்தாவது மாடியைவிடச் செலவு குறைவு. யாட்ஸ்மன் ஸ்டேக்ஹவுஸுக்குப் பக்கத்தில் குரூஸ் கப் லவுஞ்ச். அடுத்த முறை போனபோது நாங்கள் ஒரே ஒரு பெரிய ரிசர்வேஷன்தான் செய்தோம், பூங்கா இல்லாத நாளில். மற்ற இரவுகளில் இப்படிப்பட்ட இடங்களில் பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருந்தோம். பையன் ஒரு நாளும் மேசையில் தூங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் தூங்கினான்.